நரியை நரியாகவே எடுப்பது

ஆவுடையார்கோவில்காரர்களுக்குப் பரம்பரைச் சொத்தாக ஒரு காட்டுயிர்க் கதை உண்டு. பாண்டியனின் அமைச்சர் மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொண்டுவந்த பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயில் கட்டச் செலவழித்துவிடுகிறார். ராஜா கேட்கிறான், குதிரை எங்கே? ஈசன் காட்டு நரிகளைப் பிடித்துப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிக்கொண்டு போகிறார். ராத்திரி அவை மறுபடி நரிகளாகி, லாயத்தில் இருந்த நிஜக் குதிரைகளையும் கடித்துப்போட்டுவிட்டு ஓடிவிடுகின்றன. இந்தக் கதையில் அமைச்சருக்கு என்ன ஆனது, ராஜாவுக்கு எவ்வளவு கோபம் என்று எல்லோரும் பேசுவோம். நரிகளைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அவை எந்தப் பொட்டலில் இருந்து வந்தன, மதுரையிலிருந்து எங்கே திரும்பிப் போயின?

காட்டுயிர்ப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகத்துக்கு வரும். கபினியிலும் பந்திப்பூரிலும் ஆளுயர லென்ஸோடு எடுத்துவரும் புலிப்படங்கள் அசத்தலாகத்தான் இருக்கின்றன. பின்னணி முழுக்க மங்கலாகி, கண் இரண்டும் தணலாக, மீசை மயிர் ஒவ்வொன்றும் எண்ணும்படி. ஆனால் அந்தப் புலி எந்தக் காட்டில் நிற்கிறது, அதைச் சுற்றி எத்தனை ஜீப் நின்றது என்பதைப் படம் சொல்லாது. நரியைப் பரியாக்கி ராஜாவுக்குக் காட்டுகிற வேலை அது. பார்த்தவுடன் லைக் விழும், ராத்திரிக்குள் மறந்தும் போகும்.

'பாதுகாப்புப் புகைப்படக்கலை' என்று இப்போது ஒரு தனித் தொழிலாகவே பேசுகிறார்கள். 2005-இல் கிறிஸ்டினா மிட்டர்மெயர் அந்தப் பெயரில் ஓர் உலகக் கூட்டமைப்பைத் தொடங்கிய பிறகு அந்தச் சொல் பரவலானது. அழகுக்காக எடுப்பது வேறு, ஓர் உயிரையோ நிலத்தையோ காப்பதற்காக எடுப்பது வேறு என்பது அவர்கள் வாதம். சரியான வாதம்தான். ஆனால் சொல் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே அதைச் செய்துகொண்டிருந்த ஒருவர் சென்னையில் இருந்தார் என்பதை நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

மா. கிருஷ்ணன். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். தாவரவியல் படித்தார், சட்டம் படித்தார், இரண்டிலும் நிற்கவில்லை. 1940-களில் சண்டூர் சமஸ்தானத்தில் சில வருஷம் உத்தியோகம். அங்கே ஆடு வளர்த்தார், புறா வளர்த்தார், பொட்டல் குன்றுகளில் சுற்றினார். பிறகு எந்த வேலையிலும் சேராமல் எழுத்தையும் கேமராவையும் மட்டும் நம்பி வாழ்ந்தார். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-இல் ஆரம்பித்த பத்தியை 1996-இல் சாகும்வரை எழுதினார். நாற்பத்தாறு வருஷம் ஒரே பத்தி! தமிழிலும் எழுதினார், தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' கையில் கிடைத்தால் விடாதீர்கள்.

அவர் படங்களை முதலில் பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். எல்லாம் கறுப்பு வெள்ளை. வண்ணப் பிலிம் வந்த பிறகும் அவர் மாறவில்லை. தானே பல பாகங்களை ஒட்டுப்போட்டுச் செய்த ஒரு பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று நாமகரணம் வேறு. யானைப்படங்கள்தான் அவர் உச்சம். அவற்றில் யானை சட்டத்தை அடைத்துக்கொண்டு நிற்காது. மூங்கிலும் புல்லும் மரத்தின் கிளைபிரியும் விதமும் எல்லாம் இருக்கும், நடுவே யானை இருக்கும். இது எந்தக் காடு, எந்தப் பருவம், யானை என்ன செய்துகொண்டிருந்தது என்று படத்திலிருந்தே சொல்லிவிடலாம். தாவரவியல் படித்த கண் அங்கே வேலை செய்கிறது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இன்னொன்று. 1968-இல் நேரு நினைவு ஆய்வு உதவி கிடைத்தபோது அவர் தென்னிந்தியத் தீபகற்பத்தின் பாலூட்டிகளைச் சுற்றிப் பார்த்துக் கணக்கெடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அதை வெளியிட்டது. அதாவது படம் அவருக்குக் குறிப்பேட்டின் ஒரு பக்கம். எழுதியதற்குச் சாட்சி படம், படத்துக்குச் சாட்சி எழுத்து. ஒன்றை மட்டும் தனியாக எடுத்துச் சுவரில் மாட்டினால் பாதி போய்விடும். 2006-இல் வந்த அவருடைய பெரிய படத்தொகுப்பு நூலில் படங்களோடு கட்டுரைகளையும் சேர்த்தே போட்டிருப்பதை அதனால்தான் பெரிய காரியம் என்பேன்.

எழுத்து இல்லாத படம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மிட்டர்மெயரின் வட்டத்திலிருந்தே ஓர் உதாரணம். 2017-இல் கனடாவின் வடக்கே ஒரு தீவில் எலும்பும் தோலுமான துருவக்கரடி ஒன்று தள்ளாடி நடப்பதை அவரும் பால் நிக்லெனும் எடுத்தார்கள். நேஷனல் ஜியாகிரஃபிக் அதை வெளியிட்டது, உலகமே பார்த்தது. பருவநிலை மாற்றம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற அர்த்தத்தில் ஒரு வரி கூடவே போனது. கரடிக்கு வயதாகியிருக்கலாம், நோய் இருந்திருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள். அடுத்த வருஷமே, அந்த வரியில் எல்லை மீறிவிட்டோம் என்று பத்திரிகை ஒப்புக்கொண்டது. பருவநிலை மாற்றத்தை நம்பாதவர்களுக்கு இது அல்வா மாதிரி ஆகிவிட்டது. கரடி பொய்யில்லை, படம் பொய்யில்லை. பக்கத்தில் ஒட்டிய ஒற்றை வரி, தாங்க முடியாத பாரத்தைப் படத்தின் தலையில் ஏற்றிவிட்டது. கிருஷ்ணன் அந்த இடத்தில் கரடியின் பல்லையும் நடையையும் பற்றி மூன்று பத்தி எழுதிவிட்டு, காரணம் தெரியவில்லை என்று முடித்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

சரி, இவ்வளவு நிதானம் இருந்தால் எதையாவது காப்பாற்ற முடியுமா? நியாயமான கேள்வி. கிருஷ்ணன் எழுதிக்கொண்டே இருந்தார், காடும் குறைந்துகொண்டே இருந்தது. இங்கேதான் சேகர் தத்தாத்ரி வருகிறார்.

அவரும் சென்னைக்காரர். பள்ளிப் பையனாகப் பாம்புப் பண்ணையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து கேமராவுக்கு வந்தவர். சைலன்ட் வேலி பற்றிய அவரது படம் 1990-களின் தொடக்கத்தில் வந்தது; அதற்குள் சைலன்ட் வேலி தேசியப் பூங்கா ஆகிவிட்டிருந்தது. வென்ற போராட்டத்துக்குப் பிறகு எடுத்த படம், அதனால் அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. பிறகு வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளுக்காகப் படங்கள், விருதுகள். அந்தப் பாதையிலேயே போயிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். 2000-ஐ ஒட்டி அதை விட்டுவிட்டு, ஒரு குறிப்பிட்ட பிரச்சினைக்காக, குறிப்பிட்ட ஆட்களுக்குக் காட்டுவதற்காக மட்டும் படம் எடுப்பது என்று திரும்பினார்.

அப்படி வந்ததுதான் 2001-இல் எடுத்த குதிரேமுக் படம். கால் மணி நேரம்கூட ஓடாது. கர்நாடக மேற்குத் தொடர்ச்சி மலையில், தேசியப் பூங்காவுக்குள்ளேயே ஒரு பொதுத்துறை இரும்புத்தாதுச் சுரங்கம். மழை பெய்தால் சுரங்க மண் அடித்துக்கொண்டு போய் பத்ரா நதியில் சேர்கிறது. குத்தகை 1999-இல் முடிந்தும் நீட்டிக்கப் பார்த்தார்கள். 'வைல்ட்லைஃப் ஃபர்ஸ்ட்' அமைப்பினர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மனுதாரர் கே.எம். சின்னப்பா, நாகரஹொளேயில் வனத்துறை ரேஞ்சராக இருந்தவர். 2002 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. 2005 கடைசியோடு சுரங்கம் நின்றது.

அந்தப் படத்தில் பச்சை மலையும் சிங்கவால் குரங்கும் வரும், மறுக்கவில்லை. ஆனால் அவை ஆதாரத்துக்கு முன்னுரை மாதிரிதான். படத்தின் உயிர் செந்நிறமாக ஓடும் ஆறு. அதைப் பார்த்த ஓர் அதிகாரி, 'மண் அரிப்பு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது' என்று எழுதிய அறிக்கையை மறுபடி அதே நம்பிக்கையோடு கையில் எடுக்க முடியாது. கேமரா ஒரு வக்கீலாக மாறிய தருணம் அது. இந்த வகைப் படத்தை அழகியல் அளவுகோலால் அளப்பவர்கள் தவறான தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். யாருக்குக் காட்டணும், அவர்களுக்கு எத்தனை நிமிஷம் பொறுமை, பார்த்துவிட்டு அவர்கள் கையெழுத்து போட வேண்டிய காகிதம் எது என்பதெல்லாம் முதலிலேயே தீர்மானித்து எடுத்தது. இந்திய ஆவணப்பட உலகில் இவ்வளவு தெளிவாக ஒரு வேலையை எடுத்து முடித்த படங்கள் அதிகம் இல்லை. 2004-இல் அவருக்குக் கிடைத்த ரோலெக்ஸ் விருதை நான் இந்தத் தெளிவுக்குக் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் வக்கீல் தன் கட்சிக்காரருக்காகப் பேசுவார், எதிர்த்தரப்பின் கஷ்டத்தைச் சொல்வது அவர் வேலை இல்லை. தத்தாத்ரியின் முறைக்குள்ள எல்லை இது. 2003-இல் ஒடிசாக் கடலாமைகளைப் பற்றி அவர் எடுத்த படத்தைப் பாருங்கள். விசைப்படகு வலையில் மூச்சுமுட்டிச் செத்து, கரையில் ஒதுங்கிய ஆமைகள். பார்க்கிறவருக்கு விசைப்படகு மீது கோபம் வராமல் இருக்காது, வரத்தான் வேண்டும். ஆனால் ஆவுடையார்கோவிலிலிருந்து கிழக்கே வண்டியை விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். இரண்டும் விசைப்படகு ஊர்கள். அந்தப் படகுகளில் கூலிக்குப் போகிறவர்களில் எங்க பக்கத்து மானாவாரிக் கிராமத்து ஆட்களும் உண்டு. இழுவைமடி கடலின் அடித்தரையைச் சுரண்டிவிடுகிறது என்பது அவர்களுக்கும் தெரியும். எல்லைதாண்டினால் இலங்கைக் கடற்படை பிடிக்கும் என்பதும் தெரியும். தெரிந்தும் ஏன் போகிறார்கள் என்பதற்குக் கடன், டீசல், படகு முதலாளி என்று நீளமான ஒரு பதில் இருக்கிறது. கால் மணி நேரப் படத்தில் அந்தப் பதிலுக்கு இடம் இருக்காது. நீதிமன்றத்துக்கு அது தேவையும்படாது. ஆனால் அந்தப் படத்தை ஜெகதாப்பட்டினத்துத் திடலில் திரைகட்டிப் போட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள்.

அங்கே உட்கார வைக்கக்கூடிய படங்கள் வேறு ஒருவரிடம் இருக்கின்றன. பழனிக்குமார். மதுரைப் பக்கத்துக்காரர், மீன் விற்ற அம்மாவின் பிள்ளை. கண்மாயில் மீன் பிடிப்பவர்களையே முதலில் படமெடுக்கப் பழகியவர். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் இவர்தான். சாய்நாத் நடத்தும் 'பாரி' இணையதளத்தில் 2019-இல் இவர் செய்த ஒரு கட்டுரை ராமநாதபுரம் கடற்கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியது. தண்ணீருக்குள் இவரும் முங்கி எடுத்த படங்கள். கண்ணில் கண்ணாடி, விரல் ஒவ்வொன்றிலும் கிழிந்துவிடாமல் இருக்கத் துணிச்சுற்று, இடுப்பில் பை, மூச்சடக்கிப் பாறையைப் பிடித்துக்கொண்டு பாசியைப் பறிக்கும் ஒரு கை. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அதனால் இந்தப் பெண்கள் தலைமுறையாகப் போன தீவுக்கே திருட்டுத்தனமாகப் போகவேண்டிய நிலை.

தத்தாத்ரி எதைக் காக்க வாதாடுவாரோ அந்தப் பூங்காவே இங்கே எதிர்த்தரப்பு. ஒரே கடல், இரண்டு கேமரா. எது சரி என்று தீர்ப்பு சொல்லிவிட்டு நகர்வது சுலபம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் இல்லை, ஆனால் இரண்டையும் பார்க்கிறவனாக ஒரு குறை சொல்வேன். பழனிக்குமாரின் சட்டகத்தில் கடல் ஒரு பணியிடம். அந்தப் பெண்களின் நுரையீரலும் விரலும் நமக்குத் தெரிந்துவிடுகிற அளவுக்குப் பாசியின் வாழ்க்கை தெரியவில்லை: எவ்வளவு பறித்தால் அது மறுபடி முளைக்கும், எந்த மாதம் அதை விட்டுவிட வேண்டும். அந்தப் பெண்களுக்கு அதெல்லாம் அத்துப்படியாக இருக்கும். கிருஷ்ணனிடம் இருந்த தாவரவியல் கண்ணும் இவரிடம் இருக்கும் உரிமையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்ற ஏக்கம்தான் இது.

எங்க பக்கத்துக் கல்லூரிப் பையன் ஒருவன் இதெல்லாம் கேட்டுவிட்டு, "இதுல பொழைக்க முடியுமாண்ணே?" என்றான். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: படத்தை மட்டும் விற்றுப் பிழைப்பது கஷ்டம். கிருஷ்ணன் பத்தி எழுதிப் பிழைத்தார், சிக்கனமாக. தத்தாத்ரிக்கு முதலில் தொலைக்காட்சி, பிறகு விருதும் நன்கொடையும். பழனிக்குமாருக்கு 'பாரி'யின் ஆதரவு. மூன்று பேருக்கும் பொதுவானது ஒன்றுதான், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். "அப்ப நான் எங்கே போறது, நம்ம ஊர்ல என்ன இருக்கு?" என்றான்.

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. ஏனென்றால் அவன் சொன்னதில் பாதி உண்மை. ஆவுடையார்கோவில் பக்கம் புலி இல்லை, அருவி இல்லை. கண்மாய், கருவேலம், தரிசு, மழை பெய்தால் நெல். படமெடுக்க இங்கே வருகிறவர்கள் நேரே கோயிலுக்குப் போவார்கள், கருங்கல்லைக் கயிறும் மரச்சட்டமுமாகச் செதுக்கிய அந்தக் கொடுங்கையை அண்ணாந்து எடுப்பார்கள், போய்விடுவார்கள். கொடுங்கை அதற்குத் தகுதியானதுதான். அந்த மாதிரி இன்னொன்று செய்யச் சொல்லாதீர்கள் என்று சிற்பிகள் ஒப்பந்தத்திலேயே விலக்குக் கேட்பார்களாம்.

கோயிலைத் தாண்டினால் சிக்கல் ஆரம்பிக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் சுற்றியிருக்கிறீர்களா? ரோட்டின் இருபக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் தைலமரம். வனத்தோட்டக் கழகம் நட்டது. படமெடுத்தால் அற்புதமாக வரும்: சாய்வெயில், வரிசை வரிசையாக வெண்மையான அடிமரம், மேலே பச்சை. எந்த ஊர்க்காரனும் அதைக் காடு என்றே நினைப்பான். கண்மாய்க்கு வரவேண்டிய மழைநீர் தைலமரக்காட்டு வரப்பிலேயே நின்றுவிடுகிறது, நிலத்தடி நீர் இறங்குகிறது என்று விவசாயிகள் வருஷக்கணக்காகப் போராடுவது அந்தப் படத்தில் எங்கே தெரியும்? குதிரேமுக்கில் அழிவு சிவப்பாக ஓடியது, கேமராவுக்கு வேலை எளிது. இங்கே அழிவு பச்சையாக நிற்கிறது. வெளிநாட்டு மரங்களைக் கண்ட இடத்திலெல்லாம் நடுவதை கிருஷ்ணன் வாழ்நாள் முழுக்கத் திட்டித்தீர்த்தார். படத்தால் திட்ட முடியாது என்பதால்தான் எழுதினார் என்று எனக்கு இப்போது படுகிறது.

கடல் பக்கமும் இதே கதை. 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். கடற்பசு, மீனவர் சொல்லில் ஆவுளியா. செய்தியோடு பல இடங்களில் போட்ட படத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நீலமாக இருக்கிறது. பாக் விரிகுடாவில் அப்படித் தண்ணீர் எங்கே இருக்கிறது? கலங்கலில் ஆவுளியா நம் பக்கத்தில் வந்து நின்றாலும் தெரியாது. இந்தக் கரையின் உண்மையான ஆவுளியாப் படம் மீனவர்களின் கைப்பேசியில்தான் இருக்கிறது. வலையில் சிக்கியதை நாலு பேர் சேர்ந்து அறுத்து விடுகிறார்கள், சாம்பல் நிற முதுகு ஒன்று தெரிகிறது, ஒரு சத்தம், அப்புறம் வெறும் அலை. ஆட்டம், மங்கல், பாதி நேரம் யாரோ ஒருவர் முழங்கை. கிழிந்த வலைக்கு ஆன காசை நினைத்துப் பார்த்தால் அந்தச் சில விநாடிகள் எவ்வளவு கனமானவை என்று தெரியும். எந்தப் போட்டிக்கும் அதை யாரும் அனுப்பமாட்டார்கள். என் கணக்கில் இந்தக் கரையில் வந்த பாதுகாப்புப் படங்களில் அதுதான் முதல் வரிசை. அதை எடுத்தவரும் விட்டவரும் ஒரே படகில் நின்றார்கள்.

கோயில் கருவறையில் ஆவுடையார் மட்டும்தான் உண்டு, மேலே லிங்கம் கிடையாது. இல்லாத உருவத்துக்குத்தான் ஆறுகால பூஜையும் புழுங்கலரிசிச் சோற்று ஆவியும். எங்க பக்கம் நரி ஊளையும் அப்படித்தான், எழுபது வயதுக்காரர்கள் பேச்சில் மட்டும் இருக்கிறது. அதை எப்படிப் படம்பிடிப்பது? பையனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: கேமரா பிறகு வாங்கு. முதலில் ஒரு நோட்டு வாங்கு, நம்ம கண்மாய்க் கரையில் உட்கார், எந்தக் கிழவர் கடைசியாக நரியைப் பார்த்தார், எந்த வருஷம், எந்தப் பக்கமாகப் போச்சு என்று கேட்டு எழுது. போன வாரம் அனுப்பியிருந்தான், பன்னிரண்டு பக்கம். கையெழுத்து மகா மோசம், நாலு பேர் நாலு வருஷம் சொல்கிறார்கள். இரண்டு பேர் மட்டும் ஒரே இடத்தைச் சொல்கிறார்கள், தைலமரம் வருவதற்கு முன்னால் அங்கே ஒரு குறுங்காடு இருந்ததாம். அந்த இடத்தைப் போய்ப் பார்த்து எடுத்த ஒரு படமும் வைத்திருக்கிறான். படத்தில் வெறும் தைலமரம்தான்.